பார்ப்பவர் ஒருவர், சுடுபவர் ஒருவர்: பர்மாப் போர்முனை டாங்கிகளுக்குள் நடந்த வேலைப் பங்கீடு

ரங்கூனிலிருந்து பகோவைத் தாண்டி வடக்கே போனால் பயாஜி வரும். நேரே போனால் டவுங்கூ, மாண்டலே. வலப்பக்கம் திரும்பினால் சித்தாங் ஆற்றைக் கடந்து தாத்தோன், மோல்மேன். மோல்மேன் பக்கம் உறவினர் உள்ள ரங்கூன் தமிழர்களுக்குப் பழக்கமான சாலைச் சந்திப்புதான் இது. 1942 மார்ச் முதல் வாரத்தில், ரங்கூன் விழுவதற்குச் சற்று முன்னால், இந்தச் சந்திப்பைச் சுற்றியுள்ள வயல்வெளியில் பிரிட்டிஷ் டாங்கிகளும் ஜப்பானிய டாங்கிகளும் நேருக்கு நேர் மோதின.

பிரிட்டிஷ் பக்கம் 7ஆவது ஹுஸார் படை. அவர்களுடைய வண்டி அமெரிக்காவில் செய்த ஸ்டூவர்ட். அவர்கள் சேர்ந்திருந்த 7ஆவது கவசப் பிரிகேடு பிப்ரவரி 21 அன்றுதான் ரங்கூன் துறைமுகத்தில் வந்து இறங்கியிருந்தது. ஜப்பானியப் பக்கம் 95ஆம் வகை டாங்கி, ஹா-கோ என்று பெயர். இரண்டிலுமே பீரங்கியின் வாய் 37 மில்லிமீட்டர்தான். ஆனாலும் அந்த மோதலில் ஜப்பானிய டாங்கிகள்தான் அழிந்தன. முதல் காரணம் கவசம். ஹா-கோவின் இரும்புத் தகடு அதிகபட்சம் 12 மி.மீ. தடிமன், ஸ்டூவர்ட்டின் முன்பக்கத் தகடு 38 மி.மீ.க்குக் குறையாது. இதைச் சொல்லாமல் ஆட்களின் ஒத்துழைப்பை மட்டும் புகழ்வது நேர்மையாகாது. ஆனால் இந்த இரண்டு டாங்கிகளுக்கும் இடையே வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இன்னொரு வேறுபாடு உண்டு. பீரங்கியைத் தாங்கிச் சுழலும் அந்தக் கோபுரத்துக்குள் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான் அது.

ஹா-கோவில் ஒரே ஆள். அவர்தான் கமாண்டர். எதிரி எங்கே என்று தேடுவதும், டிரைவருக்கு வழி சொல்வதும், கூட வரும் டாங்கிகளைக் கவனிப்பதும் அவர் வேலை. குண்டை எடுத்துப் போடுவதும், குறி பார்ப்பதும், சுடுவதும் அவர் வேலையேதான். கோபுரத்தின் பின்பக்கம் ஒரு மெஷின்கன் வேறு, அதையும் அவரே பார்க்க வேண்டும். குறிக்கண்ணாடியில் அவர் கண்ணை வைத்த அந்தக் கணத்திலிருந்து அந்த டாங்கிக்குக் கமாண்டர் கிடையாது. கண்ணை எடுத்துவிட்டால் கன்னர், அதாவது பீரங்கியைச் சுடுபவர், கிடையாது. ஸ்டூவர்ட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். கன்னர் குறி பார்க்கும்போது கமாண்டர் வெளியே பார்க்க முடிந்தது. அதுவும் முழுமையான ஏற்பாடு என்று சொல்ல முடியாது, ஏனென்றால் குண்டு போடும் வேலை கமாண்டர் தலையில்தான் விழுந்தது. பின்னால் ஷெர்மன் டாங்கி பர்மாவுக்கு வந்தபோது கோபுரத்தில் மூன்று பேர்: கமாண்டர், கன்னர், குண்டு போடும் லோடர். அதன் பிறகு பல நாடுகளில் நிலைத்த ஏற்பாடு இதுதான்.

ஒரு டாங்கி சண்டையில் பிழைப்பதும் வெல்வதும் பெரும்பாலும் பீரங்கியின் அளவில் இல்லை, யார் முதலில் பார்த்தார்கள், பார்த்ததை எவ்வளவு சீக்கிரம் சுடுபவரின் கண்ணுக்குக் கொண்டுபோனார்கள் என்பதில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அதற்கு நம் பர்மா மண்ணைவிட நல்ல சாட்சி கிடைப்பது கடினம்.

முதலில் இருவருக்கும் என்ன தெரிகிறது என்பதைப் பார்ப்போம். கன்னரின் குறிக்கண்ணாடி தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும், ஆனால் காட்டும் பரப்பு மிகக் குறைவு. ஷெர்மனில் இருந்த ஒரு குறிக்கண்ணாடி 3 மடங்கு பெருக்கிக் காட்டியது. அதில் தெரிந்த அகலம் ஏறத்தாழ 12 பாகை. முழு வட்டம் 360 பாகை என்பதை நினைத்துக்கொண்டால், கன்னர் உலகத்தை மூங்கில் குழாய் வழியாகப் பார்க்கிறார் என்பது புரியும். அந்தக் குழாய்க்குள் வந்த பொருளை அவரைவிடத் துல்லியமாக யாராலும் பார்க்க முடியாது. அதற்குள் வராத எதுவும் அவருக்கு இல்லை. கமாண்டரோ கோபுரத்தின் உச்சியில் இருப்பவர். மூடியைத் திறந்து தலையை வெளியே நீட்டினால் நாலா பக்கமும் தெரியும். காதும் வேலை செய்யும். எஞ்சின் சத்தத்துக்கு நடுவிலும் துப்பாக்கிச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று ஓரளவு உணரலாம். பைனாகுலரை எடுத்துத் தூரத்தையும் பார்க்கலாம், கீழே வைத்துவிட்டு அருகையும் பார்க்கலாம்.

ஆக, தேடுவது கமாண்டரின் வேலை, அடிப்பது கன்னரின் வேலை. கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் ஒருவர் கண்ணில் பட்டதை இன்னொருவர் கண்ணில் படவைப்பது எப்படி? டாங்கிப் பயிற்சியில் மிகுதியான நேரம் போவது இதற்குத்தான்.

நடுப் பர்மாவிலுள்ள மெய்க்டிலாவுக்கு வெளியே இருக்கும் வறண்ட சமவெளியை எடுத்துக்கொள்வோம். பனைமரமும் முள்புதரும் வெட்டவெளியும் கலந்த நிலம் அது. நம்மூர் ராமநாதபுரத்துக்காரருக்கு அந்நியமாகத் தோன்றாது. கமாண்டர் ஓர் ஒற்றைப் பனைக்குப் பக்கத்தில் எதிரி டாங்கியின் விளிம்பைப் பார்த்துவிட்டார். கன்னரின் பீரங்கி அப்போது வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. கமாண்டர் சொல்லும் ஆணை கிட்டத்தட்ட இப்படி இருக்கும்: "கன்னர்! துளைக்கும் குண்டு! வலது... வலது... மெதுவா... நில்! 800! ஒற்றைப் பனைக்கு இடப்பக்கம், டாங்கி!" கன்னர் பதில் சொல்வார்: "தெரிகிறது!" லோடர் சொல்வார்: "ரெடி!" அதன் பிறகுதான் கமாண்டர் வாயிலிருந்து "சுடு!" வரும்.

இதில் ஒரு சொல்கூட அலங்காரத்துக்கு இல்லை. படைக்குப் படை வரிசை கொஞ்சம் மாறும், ஆனால் அடிப்படை ஒன்றுதான். குண்டின் வகை முதலிலேயே வருவது லோடருக்காக. அவர் எதிரியைப் பார்க்கவே தேவையில்லை, எந்தக் குண்டு என்று தெரிந்தால் போதும், கோபுரம் திரும்பிக்கொண்டிருக்கும்போதே அவர் தன் வேலையை முடித்துவிடலாம். அடுத்தது திசை. கமாண்டருக்கு முன்னால் கோபுரக் கூரையில் ஒரு சின்னத் தகட்டுக்குறி இருக்கும். அதை எதிரிக்கு நேரே கொண்டுவரும்வரை "வலது, வலது" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். கோபுரம் நிற்கும்போது எதிரி கன்னரின் கண்ணாடிக்குள் எங்கோ ஓரிடத்தில் இருக்க வேண்டும். அந்த இடம் எது என்று கடைசியாகச் சொல்கிறார்: ஒற்றைப் பனைக்கு இடப்பக்கம்.

"தெரிகிறது" என்ற பதிலில்தான் எல்லாமே இருக்கிறது. இருவரும் ஒரே பொருளைத்தான் பார்க்கிறார்கள் என்பதற்கு அந்த ஒரு வார்த்தை மட்டுமே சாட்சி. கன்னருக்குத் தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்ல வேண்டும். ஊகித்துச் சுடக்கூடாது. அங்கே தெரிவது கமாண்டர் சொன்ன டாங்கியா, அதே பனையருகே ஒதுங்கிய தன் படையின் டாங்கியா என்பதைக் குழாய்க்குள்ளிருந்து பார்ப்பவரால் பல நேரம் பிரித்தறிய முடியாது. அதனால்தான் சுடும் அனுமதி கமாண்டரிடம் இருக்கிறது. அந்தக் குண்டுக்குப் பொறுப்பு அவருடையது.

ஷெர்மனில் ஒரு நல்ல வசதி உண்டு. கன்னருக்கு, பெருக்கிக் காட்டும் கண்ணாடியோடு, பெருக்கம் இல்லாமல் அகலமாகப் பார்க்கும் பெரிஸ்கோப்பும் இருந்தது. கோபுரம் சுழலும்போதே அவர் அகலமாகப் பார்த்து இடத்தைப் புரிந்துகொண்டு, பிறகு குறிக்கண்ணாடிக்கு மாறலாம். இது இல்லாத டாங்கிகளில், கோபுரம் நின்ற பிறகும் "எங்கே? எங்கே?" என்று கேட்பதில் விலைமதிப்பற்ற நொடிகள் போய்விடும்.

இடத்தைச் சொல்வதற்கு இன்னொரு பழைய முறை விரல் அளவு. கையை நேரே நீட்டிப் பிடித்தால் ஒரு விரலின் அகலம் ஏறத்தாழ 2 பாகையை மறைக்கும். 1000 மீட்டர் தொலைவில் அது 35 மீட்டர். "ஒற்றைப் பனையிலிருந்து வலப்பக்கம் இரண்டு விரல்" என்றால் பனையிலிருந்து சுமார் 70 மீட்டர் தள்ளி என்று பொருள். அனுபவமுள்ள கமாண்டர் ஓர் இடத்துக்குப் போய் நின்றவுடனேயே எதிரியைத் தேட ஆரம்பிப்பதில்லை. முதலில் கன்னரோடு சேர்ந்து அடையாளங்களுக்குப் பெயர் வைப்பார். அதோ அந்தப் பகோடா, அதோ ஒற்றைப் பனை, அதோ இடிந்த வீடு. மூன்று நான்கு பெயர்கள் இருவருக்கும் பொதுவாகிவிட்டால், அப்புறம் பேச்சு பாதியாகக் குறைந்துவிடும்.

தூரத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? ஷெர்மனின் 75 மி.மீ. பீரங்கியிலிருந்து கிளம்பும் துளைக்கும் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 600 மீட்டர் வேகத்தில் போகும். 800 மீட்டரைக் கடக்க அதற்கு ஏறத்தாழ 1.4 நொடி ஆகும். அதற்குள் புவியீர்ப்பு அதை ஏறத்தாழ 9 மீட்டர் கீழே இழுத்துவிடும். அந்த அளவுக்குப் பீரங்கியின் வாயை உயர்த்திப் பிடித்தால்தான் குண்டு இலக்குக்குப் போய்ச் சேரும். 800 மீட்டரை 600 என்று தவறாக மதிப்பிட்டால் குண்டு சுமார் 2 மீட்டர் தாழ்ந்துபோகும். டாங்கியின் உயரமே இரண்டரை மீட்டர்தான் என்பதால், குண்டு அதற்கு முன்னால் மண்ணைக் கிளப்புவதோடு நின்றுவிடும். இன்று லேசர் ஒளி ஒரு நொடிக்குள் தூரத்தைச் சொல்லிவிடுகிறது. அன்று கமாண்டரின் கண்மதிப்புதான்.

அதனால்தான் முதல் குண்டு தவறினால் அடுத்து என்ன செய்வது என்பதும் இருவருக்கும் நடுவே முன்பே பேசி வைத்த விஷயம். சுட்டவுடன் பீரங்கியின் வாயிலிருந்து வரும் வாயு தரையிலுள்ள தூசியைக் கிளப்பும். மார்ச் மாத மெய்க்டிலாவில் அது எவ்வளவு தூசி என்று அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். வண்டி அதிரும், கன்னரின் கண்ணாடி முழுக்க மண்ணிறமாகிவிடும். குண்டு எங்கே விழுந்தது என்பதை அவரால் பார்க்க முடியாது. கமாண்டர் அவரைவிட உயரத்தில், தூசிக்கு மேலே தலையை வைத்திருக்கிறார். "குறைவு! 200 கூட்டு!" என்பார். அடுத்தது தாண்டிப் போனால் "100 குறை!" முன்னும் பின்னும் விழுந்த இரண்டு குண்டுகளுக்கு நடுவில் இலக்கை அகப்படுத்தி இடைவெளியைப் பாதி பாதியாகக் குறைப்பதுதான் முறை. தூசி இல்லாத இடத்தில் கன்னருக்கே குண்டு விழுந்தது தெரிந்தால், யாரும் சொல்லக் காத்திருக்கமாட்டார். குண்டு விழுந்த இடம் கண்ணாடியின் எந்தக் கோட்டில் தெரிந்ததோ, அந்தக் கோட்டை இலக்கின் மேல் கொண்டுவந்து வைத்து உடனே மறுபடி சுடுவார்.

சரி, இதெல்லாம் வெட்டவெளியில். பர்மாப் போரின் பெரும்பகுதி வெட்டவெளியில் நடக்கவில்லை. அரக்கானிலும் மணிப்பூர் எல்லையிலும் 50 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாத காடும் குன்றும்தான். அங்கே இலக்கு டாங்கி கிடையாது, பங்கர். மரக்கட்டைகளை அடுக்கி மேலே மண் கொட்டி, செடிகொடியால் மூடிவிடுவார்கள். சுடுவதற்கான துளை தரையோடு தரையாக ஒரு சாண் உயரத்துக்கு இருக்கும். ஒரு பங்கரைத் தாக்கினால் பக்கத்துப் பங்கரிலிருந்து குண்டு வரும்படி அமைத்திருப்பார்கள்.

இப்படிப்பட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? பங்கரையே தேடிக்கொண்டிருந்தால் கிடைக்காது. பொருந்தாததைத் தேட வேண்டும். வெட்டிவைத்த கிளையின் இலை வெயிலில் வாடும், சுற்றியுள்ள பச்சைக்கு நடுவே அதன் நிறம் மாறித் தெரியும். காட்டில் நேர்கோடு இயற்கையாக வருவது அரிது. ஒரு நேரான நிழல் தெரிந்தால் அங்கே மனிதக் கை பட்டிருக்கிறது. துப்பாக்கி சுடுவதற்கு வசதியாகப் புல்லை ஒரு வரிசையில் தாழ்த்தி வெட்டியிருப்பார்கள். சுட்டவுடன் துளைக்கு முன்னால் தூசி ஒரு முறை எழும்பும். தேடும் முறைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் அருகிலிருக்கும் பகுதி, ஏனென்றால் கொல்லக்கூடிய ஆபத்து அங்கேதான் முதலில் இருக்கும். பிறகு நடு, பிறகு தூரம். கண்ணை வேகமாக ஓட்டினால் எதுவும் பிடிபடாது. நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். கமாண்டர் ஒரு பாதியைப் பார்த்தால் கன்னர் மறுபாதியைப் பார்க்கும்படி பிரித்துக்கொள்வார்கள்.

இந்தக் காட்டுச் சண்டைக்கு வந்த டாங்கி லீ. அதன் அமைப்பே விசித்திரமானது. மேலே கோபுரத்தில் ஒரு 37 மி.மீ. பீரங்கி, முழுவட்டமும் சுழலும். கீழே உடம்பின் வலப்பக்கத்தில் 75 மி.மீ. பீரங்கி, அது இடமும் வலமும் ஏறத்தாழ 15 பாகை மட்டுமே திரும்பும். அதாவது ஒரு கமாண்டர், இரண்டு கன்னர்கள். பெரிய பீரங்கியின் கன்னர் கமாண்டரைவிட வெகு கீழே உட்கார்ந்திருக்கிறார். கமாண்டருக்குத் தெரியும் மேட்டுக்கு அப்பாலுள்ள இலக்கு அவருக்குத் தெரியவே தெரியாது. இலக்கு அந்த 15 பாகைக்கு வெளியே இருந்தால் கன்னரிடம் சொல்லிப் பயனில்லை. முதலில் டிரைவரிடம் சொல்லி வண்டியையே திருப்ப வேண்டும். நடுவில் 37 மி.மீ. கன்னருக்கு வேறொரு இலக்கு. ரேடியோவில் மேலதிகாரியின் குரல். இத்தனையும் ஒரே வாய்வழியாகப் போய்வர வேண்டும். லீயில் கமாண்டராக இருந்தவர்களின் நிதானத்தை நினைக்கும்போது எனக்கு இன்றும் பெரும் மரியாதை வருகிறது.

அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் பெரிது. 1944 ஏப்ரல் 13 அன்று இம்பால் அருகே நுன்ஷிகும் குன்று. 3ஆவது காராபினியர்ஸ் படையின் லீ டாங்கிகள், 17ஆவது டோக்ரா ரெஜிமெண்டின் முதல் பட்டாலியன் காலாட்படையோடு சேர்ந்து அந்தச் செங்குத்துச் சரிவில் ஏறின. மேலே முதுகு மிகக் குறுகியது. இரண்டு டாங்கிகள் பக்கத்தில் பக்கத்தில் போக இடமில்லை. சறுக்கினால் பள்ளம். மூடியை மூடிக்கொண்டு பெரிஸ்கோப் வழியாகப் பார்த்தால் வானமும் புல்லும்தான் தெரியும், சக்கரம் எங்கே போகிறது என்றே தெரியாது. அதனால் கமாண்டர்கள் மூடியைத் திறந்து தலையையும் தோளையும் வெளியே நீட்டி டிரைவருக்கு வழி சொன்னார்கள், கன்னருக்குப் பங்கரைக் காட்டினார்கள். மிக அருகில் இருந்த ஜப்பானியத் துப்பாக்கிகளுக்கு அந்தத் தலைகள் தெளிவான இலக்கு. அந்தத் தாக்குதலில் போன பிரிட்டிஷ் அதிகாரிகள் அத்தனை பேரும் இறந்தார்கள் அல்லது காயப்பட்டார்கள். டாங்கிகளின் பொறுப்பை கிராடக் என்ற சார்ஜண்ட் மேஜர் ஏற்றார். டோக்ராக்களின் பொறுப்பு சுபேதார் ரண்பீர் சிங்கிடம் வந்தது. இருவரும் பேசிச் சேர்ந்து மறுபடி முன்னேறிக் குன்றைப் பிடித்தார்கள்.

கமாண்டரின் கண் இல்லாமல் டாங்கி குருடு என்பதை அந்த எதிரிகளும் அறிந்திருந்தார்கள் என்பதுதான் இதில் தெரிகிறது. தலையை உள்ளே இழுத்தால் உயிர் பிழைக்கும், வண்டி குருடாகும். வெளியே வைத்தால் வண்டிக்குக் கண் இருக்கும், உயிர் இருக்குமோ இருக்காதோ. ஒவ்வொரு கமாண்டரும் ஒவ்வொரு நிமிடமும் இந்த முடிவை எடுத்தாக வேண்டியிருந்தது. இதற்குப் பொதுவான விதி எதுவும் எழுத முடியாது.

காட்டில் கமாண்டரின் கண்ணும் போதவில்லை என்றபோது மூன்றாவது கண்ணாகக் காலாட்படை வந்தது. கூட நடந்துவரும் சிப்பாய்க்குப் பங்கரின் துளை 20 மீட்டரில் தெரியும். டாங்கிக்குள் இருப்பவருக்குத் தெரியாது. ஆனால் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் டாங்கிக்கு வெளியே நின்று எவ்வளவு கத்தினாலும் உள்ளே கேட்காது. அதற்காக டாங்கியின் பின்புறம் ஒரு டெலிபோன் பெட்டியைப் பொருத்தினார்கள். சிப்பாய் அதை எடுத்து நேரே கமாண்டரிடம் சொல்லலாம். அதுவும் முடியாவிட்டால், ஒளிவிட்டுப் போகும் துப்பாக்கிக் குண்டை இலக்கின் மேல் சுட்டுக் காட்டுவார்கள். கமாண்டர் அந்த ஒளிக்கோட்டைப் பார்த்துக் கன்னரைத் திருப்புவார்.

அரக்கானில் 25ஆவது டிரகூன்ஸ் படையின் லீ டாங்கிகளும் காலாட்படையும் சேர்ந்து பழகிய முறை ஒன்றை இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கமாண்டரும் கன்னரும் லோடரும் வெளியே நிற்கும் சிப்பாயும் எவ்வளவு நுட்பமாக ஒன்றுசேர முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் படித்ததில்லை. முதலில் தொட்டவுடன் வெடிக்கும் குண்டு. அது பங்கரை ஒன்றும் செய்யாது, மேலே மூடியிருக்கும் செடிகொடிகளைப் பறக்கவிடும். இப்போது கன்னருக்கு முதல்முறையாகப் பங்கரின் முகம் தெரிகிறது. அடுத்தது, உள்ளே புகுந்து சற்றுத் தாமதித்து வெடிக்கும் குண்டு. அது மண்ணையும் மரக்கட்டையையும் பெயர்க்கும். இரண்டும் ஒரே குண்டுதான். அதன் மூக்கில் உள்ள ஒரு திருகைத் திருப்பினால் உடனே வெடிப்பதும் தாமதித்து வெடிப்பதும் மாறும். அந்தத் திருகைச் சரியான நேரத்தில் திருப்புவது லோடரின் வேலை.

இதற்குள் காலாட்படை பங்கரை நெருங்கியிருக்கும். இனி வெடிக்கும் குண்டைச் சுட்டால் சிதறல் தன் ஆட்களையே கொல்லும். சுடுவதை நிறுத்தினால் பங்கருக்குள் இருப்பவர்கள் எழுந்து சுடுவார்கள். வழக்கமாகக் காலாட்படையில் மிகுதியானோர் செத்தது இந்தக் கடைசி 50 கஜத்தில்தான். அங்கே கமாண்டர் துளைக்கும் குண்டுக்கு மாறச் சொல்வார். அது திடமான இரும்பு, வெடிக்காது, சிதறாது. கன்னர் அதைத் துளையின் மேலேயே வைத்து, சிப்பாய்கள் பங்கரைத் தொடும்வரை, அவர்களுடைய தலைக்கு மேலாகவும் பக்கமாகவும் சுட்டுக்கொண்டே இருப்பார். கன்னரின் கை கொஞ்சம் பிசகினாலும் தன் ஆள் செத்துவிடுவார். கமாண்டர் "நிறுத்து" என்று ஒரு நொடி தாமதமாகச் சொன்னாலும் அதேதான். அந்த ஒரு நொடியை நம்பித்தான் சிப்பாய் எழுந்து ஓடினார்.

1945 மார்ச் தொடக்கத்தில் 17ஆவது இந்திய டிவிஷனும் 255ஆவது டாங்கிப் பிரிகேடும் மெய்க்டிலாவைப் பிடித்தபோது இந்த உறவு இன்னொரு வகையில் சோதிக்கப்பட்டது. டாங்கிகளைத் தடுக்க ஆயுதம் போதாத ஜப்பானியர்கள், பள்ளம் தோண்டி அதற்குள் விமானக் குண்டோடு ஒரு சிப்பாயை உட்காரவைத்தார்கள். டாங்கி மேலே வரும்போது அவர் அதை வெடிக்கவைத்துத் தானும் சாக வேண்டும். டாங்கிக்கு மிக அருகிலுள்ள தரை உள்ளே இருக்கும் யாருக்கும் தெரியாது. பீரங்கியையும் அந்த அளவுக்குத் தாழ்த்த முடியாது. கமாண்டர் எழுந்து நின்று குனிந்து பார்த்தால் கொஞ்சம் தெரியலாம், ஆனால் அப்போது பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு துப்பாக்கி அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே பள்ளங்களைத் தேடி டாங்கிகளுக்கு முன்னால் நடந்தவர்கள் காலாட்படைச் சிப்பாய்கள்.

இந்தப் போரை நம் பர்மாத் தமிழர் நினைவில் வைத்திருப்பது வேறு விதத்தில். 1942இல் லட்சக்கணக்கான இந்தியர்கள் இந்தச் சாலைகளில் நடந்தே இந்தியா போனார்கள். போகும் வழியில் இறந்தவர்கள், பிரிந்த குடும்பங்கள், விட்டுவந்த நிலம், இவைதான் வீடுகளில் சொல்லப்பட்டவை. அதே சாலைகளில் பின்வாங்கிய டாங்கிகளைப் பற்றி யாரும் நமக்குச் சொல்லவில்லை. அந்த ஸ்டூவர்ட்களை மே மாதம் சிண்ட்வின் கரையில் பிரிட்டிஷ் படையினரே அழித்துவிட்டார்கள். ஒன்றே ஒன்று மட்டும் ஆற்றைக் கடந்தது. அதன் கோபுரத்தைக் கழற்றிவிட்டு, 1945இல் 7ஆவது இந்தியக் குதிரைப்படை அதைக் கமாண்டர் வண்டியாக்கி பர்மாவுக்குத் திரும்ப ஓட்டிவந்தது. திரும்பி வந்த அந்தப் படைகளில் தமிழர்களும் இருந்தார்கள். மெட்ராஸ் சாப்பர்ஸ் பிரிவுகள் பாலம் கட்டின, கண்ணிவெடி அகற்றின. டாங்கி முன்னே போவதற்கு வழி செய்தவர்களில் அவர்களும் உண்டு. ரங்கூனுக்கு வடக்கே டவுக்யானில், கல்லறை இல்லாமல் போன ஏறத்தாழ 27,000 பேரின் பெயர் பொறித்த தூண்கள் நிற்கின்றன. அங்கே போகிறவர்கள் இந்திய வீரர்களின் பெயர்களையும் நின்று படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

போருக்குப் பிந்தைய டாங்கிகளில் நடந்த பெரிய மாற்றம், கமாண்டருக்குத் தனிக்கண் கிடைத்ததுதான். 1979இல் படைக்கு வந்த ஜெர்மன் லெபர்ட் 2இல் கோபுரத்தோடு சேராமல் தானாகச் சுழலும் ஒரு பெரிஸ்கோப் கமாண்டருக்கு இருந்தது. கன்னர் ஒரு பக்கம் சுட்டுக்கொண்டிருக்கும்போதே கமாண்டர் தலையை வெளியே நீட்டாமல் மறுபக்கம் தேடலாம். அடுத்த இலக்கைக் கண்டதும் ஒரு பொத்தானை அழுத்தினால் கோபுரம் தானே அங்கே திரும்பும். கன்னர் கண்ணாடியில் இலக்கு வந்து நிற்கும். கமாண்டர் மூன்றாவதைத் தேடப் போய்விடுவார். "வலது, வலது, நில்" என்று சொல்லிக்கொண்டிருந்த நேரம் முழுக்க மிச்சம். அமெரிக்கர்களுக்கு இந்த வசதி வர 1990களில் வந்த எம்1ஏ2 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆனால் பார்ப்பது எளிதானால் அடையாளம் காண்பதும் எளிதாகிவிடும் என்று நினைப்பது தவறு. வெப்பத்தைக் காட்டும் கண்ணாடி வந்த பிறகு இரவிலும் புகையிலும் வெகு தூரத்தில் ஒரு சூடான வண்டி இருப்பது தெரிகிறது. அது யாருடையது என்பது அவ்வளவு தூரத்திலிருந்து தெரிவதில்லை. 1991 வளைகுடாப் போரில் சண்டையில் இறந்த ஏறத்தாழ 148 அமெரிக்கர்களில் 35 பேர் தங்கள் படையின் குண்டுகளாலேயே இறந்தார்கள். லேசர் தூரம் சொல்கிறது, கணினி உயரம் சொல்கிறது, கன்னர் "தெரிகிறது" என்கிறார். அது எதிரிதானா என்று முடிவுசெய்வது இன்னமும் கமாண்டரின் வேலையாகவே இருக்கிறது.

சென்னைக்குப் பக்கத்தில் ஆவடியில் இன்று இரண்டு வகையான டாங்கிகள் உருவாகின்றன. ரஷ்ய வடிவமைப்பான டி-90இல் குண்டு போட இயந்திரம் இருக்கிறது, ஆட்கள் மூன்று பேர்தான். அர்ஜுனில் லோடர் உண்டு, ஆக நான்கு பேர். 2021 பிப்ரவரியில் சென்னையில் ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்ட அர்ஜுன் மார்க் 1ஏ வகையில் கமாண்டருக்குச் சுற்றிலும் பார்க்கும் தனிக்கண்ணாடியும் இருக்கிறது. மூன்று பேரா நான்கு பேரா என்ற விவாதம் பொதுவாக எடையையும் வேகத்தையும் பற்றியதாகவே நடக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. லோடர் சண்டை இல்லாத நேரத்தில் தன் பக்க மூடியைத் திறந்து கமாண்டர் பார்க்காத பக்கத்தைப் பார்ப்பார், இரவில் காவலைப் பங்குபோடுவார், கமாண்டர் ரேடியோவில் பேசும்போது வானத்தைக் கவனிப்பார். டிரோன் தலைக்கு மேல் சுற்றும் இந்தக் காலத்தில் அந்த நான்காவது ஜோடிக் கண்ணை வேண்டாம் என்று விடுவதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும்.